குதிரைக் கரு: எதை நம்பி வாங்குவது?

கொடைக்கானல் ஏரிக்கரையில் சவாரிக்கு நிற்கும் மட்டக்குதிரைகளுக்கும், பாறைப் பாதையில் மூட்டை சுமந்து வெள்ளகவிக்கு இறங்கும் குதிரைகளுக்கும் ஆய்வகக் கரு தேவையே இல்லை. நல்ல காலும் நிதானமும் உள்ள ஆண் குதிரையோடு சேர்த்தால் போதும். ஆனால் அந்தியூர் ஆடிச் சந்தையில் பெரும் பணம் கொடுத்து மார்வாரிப் பெட்டை வாங்கி, பழனி அடிவாரத்தில் வளர்க்கும் ஒருவருக்கு, வயதாகி அது சினை நிற்காமல் போனால் கரு வாங்கலாமா என்ற கேள்வி வரத்தான் செய்யும். பந்தயத்துக்கான தரோபிரெட் என்றால் யோசிக்கவே வேண்டாம். நேரடிச் சேர்க்கையில் பிறக்காத குட்டியை வம்சப் பதிவேடு ஏற்காது.

கருவில் இரண்டு வகை. ஒன்று, தாயின் வயிற்றிலேயே உருவாகி, முட்டை வெளியான 7, 8 நாளில் கருப்பையைக் கழுவி எடுப்பது. பிக்கானேரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மைய வளாகத்தில் 2023 மே மாதம் பிறந்த மார்வாரிக் குட்டி ராஜ் பிரதம் இப்படி வந்ததுதான். 7.5 நாள் கருவை வாடகைத்தாய்க்கு மாற்றினார்கள். பிறந்தபோது குட்டியின் எடை 23 கிலோ.

மற்றது முழுக்க ஆய்வகத்தில் உருவாவது. சினைப்பையிலிருந்து முட்டையை உறிஞ்சி எடுத்து, முதிரவைத்து, ஒற்றை விந்தணுவை ஊசியால் உள்ளே செலுத்துவார்கள். இதை இக்ஸி என்பார்கள். மாட்டுக்குச் செய்வதுபோல முட்டையையும் விந்தையும் ஒரே தட்டில் விட்டால் குதிரையில் கரு உருவாவது அபூர்வம். பிரான்சில் 1990-இல் அப்படி ஒரு குட்டி பிறந்தது. ஆனால் 2022-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில்தான் அதற்கு நம்பகமான வழி பிடிபட்டது.

என் கருத்து இதுதான்: பெட்டையின் கருப்பை நன்றாக இருந்தால் கழுவி எடுக்கும் வழியே மேல். கருப்பை கெட்டுவிட்டது, அல்லது இறந்துபோன பொலிகுதிரையின் உறைவிந்து ஒன்றிரண்டு ஸ்ட்ராதான் மிச்சம் என்றால் மட்டும் ஆய்வகத்துக்குப் போகலாம்.

கருவோடு தரும் தரச்சீட்டில் 1 முதல் 4 வரை எண் போட்டிருப்பார்கள். 1 மிக நல்லது, 4 செத்துக்கொண்டிருப்பது. கழுவி எடுத்த கருவுக்கு இந்த எண்ணை ஓரளவு நம்பலாம். நல்ல கரு நுண்ணோக்கியில் கண்ணாடிக் கோலிபோல் உருண்டையாக, சீரான ஓரத்தோடு தெரியும். கூடவே அளவைக் கேளுங்கள். ஏழாம் நாளில் ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர், எட்டாம் நாளில் 1 மில்லிமீட்டர் அளவுக்கு வளர்ந்திருக்க வேண்டும். எட்டாம் நாள் கரு 0.3-இல் நின்றால், சீட்டில் 1 என்று எழுதியிருந்தாலும் தயங்குங்கள்.

ஆய்வகக் கருவுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. அதன் செல்களில் கொழுப்பு மிகுதி என்பதால் இருண்டு கிடக்கும். உள்ளே இருப்பது தெளிவாகத் தெரியாது. அளவும் சிறியது, கருப்பையில் வளரும் கருவைச் சுற்றி உருவாகும் உறையும் இதற்கு இருக்காது. எனவே அழகைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. எத்தனையாம் நாளில் அது பிளாஸ்டோசிஸ்ட் நிலையை, அதாவது உள்ளே திரவக் குழி உருவான நிலையை, எட்டியது என்பதுதான் பெரிய தடயம். 7, 8 நாளில் எட்டியது தேறும் வாய்ப்பு அதிகம். 9, 10 வரை இழுத்தது பலவீனமானது. அடுத்து, ஓரச் செல்கள் வரிசை கட்டி நிற்கின்றனவா, உதிர்ந்த செல் குப்பை எவ்வளவு என்று கேளுங்கள். முட்டை கொடுத்த பெட்டையின் வயதையும் விடாதீர்கள். கிழப்பெட்டையின் கரு பார்வைக்குத் தேறினாலும் சினை பாதியில் கலைவது அதிகம். ஆகவே ஆய்வகத்திடம் எத்தனை சினை நின்றது என்று கேட்பதைவிட, எத்தனை குட்டி உயிரோடு பிறந்தது என்று கேளுங்கள்.

உறைய வைப்பதில் மட்டும் ஆய்வகக் கருவுக்கே சாதகம். சிறியதாக இருப்பதால் நன்றாகத் தாங்கும். கழுவி எடுத்த கரு 0.3 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டால், உள்ளிருக்கும் திரவத்தை உறிஞ்சிய பிறகே உறைய வைக்க வேண்டும்.

இவ்வளவும் பார்த்துவிட்டு வாடகைத்தாயில் கோட்டைவிடுபவர்கள் உண்டு. ஆய்வகக் கருவுக்கு, முட்டை வெளியாகி 4 முதல் 6 நாள் ஆன பெட்டை வேண்டும். உடல் அளவும் முக்கியம். மட்டக்குதிரை மலிவாகக் கிடைக்கிறதே என்று அதன் வயிற்றில் மார்வாரிக் கருவை வைக்காதீர்கள். 1938-இல் வால்டன், ஹாமண்ட் இருவரும் பெரிய ஷயர் இனத்தையும் குள்ளமான ஷெட்லாண்டு இனத்தையும் கலந்து பார்த்தார்கள். ஷயர் தாய்க்குப் பிறந்த குட்டி, ஷெட்லாண்டு தாய்க்குப் பிறந்ததைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு எடை இருந்தது. வளர்ந்த பிறகும் அந்த வித்தியாசம் முழுதாகப் போகவில்லை.

வாடகைத்தாய்க்குக் கிளாண்டர்ஸ் நோய்ப் பரிசோதனையைக் கண்டிப்பாகச் செய்யுங்கள். பணத்தை மொத்தமாகக் கொடுக்காமல், 60-ஆம் நாள் ஸ்கேனில் குட்டியின் இதயத்துடிப்பு தெரிந்தபின் மீதி என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.