ஹாசனில் செய்யும் ஆன்டெனா சோதனை உங்கள் மொட்டை மாடியிலும்!

வேலூர் லாங் பஜாரில் கடைக்கு மேல்தான் என் வீடு. ஒரு கோடைமழைக் காற்றுக்குப் பிறகு டிவியில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. பார்க்க வந்தவர், "டிஷ் போச்சு சார், புதுசு மாத்தணும்" என்றார். பணம் கொடுக்கும் முன் நானே சோதித்துப் பார்த்தேன். வழி காட்டியது இஸ்ரோ.

கர்நாடகாவின் ஹாசனில் 1982 முதல் இயங்கும் தலைமைக் கட்டுப்பாட்டு நிலையம் இன்சாட், ஜிசாட் செயற்கைக்கோள்களைக் கவனிக்கிறது. ஏவும்போது ஏற்படும் அதிர்வும், விண்வெளியின் வெப்பமும் குளிரும் ஆன்டெனாவைப் பாதிக்கலாம். எனவே தரையில் சோதித்ததை விண்ணிலும் சோதிக்கிறார்கள். செயற்கைக்கோளைச் சுற்றி வந்து அளக்க முடியாதே! அதனால் தரை டிஷ்ஷை அசைக்காமல், செயற்கைக்கோளையே மெல்லச் சாய்த்து, சிக்னல் கூடிக் குறைவதைக் குறிக்கிறார்கள். 35,786 கி.மீ. உயரத்தில் 1 டிகிரி சாய்ந்தால் தரையில் கதிர் சுமார் 625 கி.மீ. நகர்ந்துவிடும்!

நாம் தலைகீழாகச் செய்வோம். செயற்கைக்கோள் நிற்கட்டும், டிஷ் திரும்பட்டும்.

1. டிஷ் இப்போது இருக்கும் நிலையைக் கம்பத்தில் பென்சிலால் குறியுங்கள்.

2. டிஷ்ஷோடு சேர்ந்து திரும்பும்படி ஒரு கோலைக் கட்டுங்கள். கம்பத்திலிருந்து 1 மீட்டர் தள்ளி, கோலின் முனை 35 மி.மீ. நகர்ந்தால் 2 டிகிரி.

3. இடது 8 முதல் வலது 8 வரை 2 டிகிரிக்கு ஒருமுறை நிறுத்துங்கள். செட்டாப் பாக்ஸ் மெனுவில் 'சிக்னல் ஸ்ட்ரெங்த்' எண்ணை வீட்டில் ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். மொத்தம் 9 அளவுகள்.

4. எக்ஸெல்லில் ஏ வரிசையில் டிகிரி (இடதுபுறம் மைனஸ்), பி வரிசையில் சிக்னல் டைப் செய்யுங்கள். எக்ஸெல் இல்லையா? லிப்ரே ஆபீஸ் கால்க் இலவசம்.

5. இரண்டு வரிசைகளையும் செலக்ட் செய்து, இன்செர்ட் மெனுவில் சார்ட், அதில் ஸ்கேட்டர் வகையைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரே உச்சியுடன் மலை போல வந்தால் டிஷ் நல்லது. உச்சி 0-வில் இல்லையென்றால் திசை மட்டும் விலகியிருக்கிறது. இரண்டு உச்சிகள் வந்தால் தட்டு வளைந்திருக்கலாம். மலை அழகாக இருந்தும் உயரம் குறைவு என்றால் கேபிளையும் எல்என்பியையும் பாருங்கள்.

என் மலையின் உச்சி 4 டிகிரி வலதில் இருந்தது. அங்கே திருப்பி நட்டை இறுக்கினேன். படம் தெளிந்தது, செலவு ஒரு பைசா இல்லை.

மாடி விளிம்பிலோ மழை ஈரத்திலோ மட்டும் இதைச் செய்யாதீர்கள்.