தேர் திரும்பும் முனையில் ஒரு திட்டப் பாடம்

டெட்லைன், மைல்ஸ்டோன், கிரிட்டிக்கல் பாத், பஃபர், ரிஸ்க். கடலூர் சிப்காட் தொடங்கி சிதம்பரத்தில் கல்யாண மண்டபம் எழும்பும் இடம் வரை இந்தச் சொற்கள் இப்போது சர்வசாதாரணம். கூடவே அவற்றைப் பற்றிய தப்பான நினைப்புகளும் வந்து ஒட்டிக்கொண்டன. திருத்திக்கொள்ள மேலாண்மைப் புத்தகம் தேட வேண்டியதில்லை. நம் கடலூர் மாவட்டத்தைச் சுற்றிப் பார்த்தாலே போதும்.

"ஆளைக் கூட்டினால் வேலை சீக்கிரம் முடியும்." எல்லாவற்றிலும் வலுவான நம்பிக்கை இதுதான். சிதம்பரம் நடராஜர் கோயிலில் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்கும் முந்தைய நாள் தேரோட்டம். வடம் பிடிக்க ஆயிரக்கணக்கான கைகள் வரும். ஆனால் கீழவீதி முனையில் தேர் திரும்பும்போது சக்கரத்தடியில் குனிந்து நிற்பவர்களைப் பாருங்கள். எந்தச் சக்கரத்துக்கு, எந்தப் பக்கம், எவ்வளவு சாய்வாகக் கட்டை கொடுக்கிறார்கள் என்பதில்தான் தேர் திரும்புவது இருக்கிறது. அவர்கள் குரல் கொடுக்கும் வரை அத்தனை பேரும் வடத்தைப் பிடித்தபடி காத்திருக்க வேண்டும். கூட்டத்தை இரண்டு மடங்காக்கினாலும் அந்த இடத்தில் ஒரு நிமிஷம் குறையாது. ஐபிஎம்மில் பெரிய மென்பொருள் திட்டத்தை நடத்திய பிரெட் புரூக்ஸ், தாமதமான மென்பொருள் வேலைக்குப் புது ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று 1975-ல் எழுதினார். புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கப் பழையவர் தன் வேலையை நிறுத்த வேண்டும். கலந்து பேச வேண்டிய ஆட்களும் பெருகிவிடுவார்கள். மண் சுமக்க ஆள் கூட்டலாம். எல்லா வேலையும் மண் சுமப்பதாகிவிடாது.

"கிரிட்டிக்கல் பாத் என்றால் ரொம்ப முக்கியமான வேலை." ஒன்று முடிந்தால்தான் அடுத்தது தொடங்கும் என்று கோத்துக்கொண்டு போகும் வேலைகளில் மிக நீளமான வரிசைக்குத்தான் அந்தப் பெயர். அதில் ஒரு நாள் தவறினால் மொத்தத் திட்டமும் ஒரு நாள் தள்ளிப்போகும். அமெரிக்காவில் டுபாண்ட், ரெமிங்டன் ராண்ட் நிறுவனங்கள் 1950-களின் கடைசியில் இந்தக் கணக்கை உருவாக்கின. அதே சமயத்தில், 1957-ல், நெய்வேலியின் முதல் சுரங்கத்தை நேரு தொடங்கிவைத்தார். அங்கே முக்கியமான பொருள் பழுப்பு நிலக்கரி. நாட்களை விழுங்கியவை வேறு வேலைகள்: மேலே கனமாகக் கிடந்த மண்ணையும் கெட்டி மணற்பாறையையும் அகற்றுவது, கரிப்படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இறைப்பது. இறைக்காமல் விட்டால் அந்த நீர் சுரங்கத்தின் தரையையே பெயர்த்துக்கொண்டு மேலே வரும். கரி கண்ணில் பட 1961 ஆயிற்று.

"மைல்ஸ்டோன் போட்டாயிற்று, இனித் திட்டம் தயார்." திருவிழாவில் கொடியேற்றம் ஒரு மைல்ஸ்டோன். முன்வேலை முடிந்தது என்று ஊருக்குச் சொல்லும் அடையாளம். முன்வேலையை யாராவது செய்தாக வேண்டும்.

"தொண்ணூறு சதவீதம் முடிந்துவிட்டது." இதைக் கேட்டால் எனக்கு வீராணம் குழாய்கள்தான் நினைவுக்கு வரும். வீராணம் ஏரியிலிருந்து சென்னைக்குக் குடிநீர் கொண்டுபோகும் முதல் முயற்சி 1970-களில் பாதியில் நின்றது. ஆள் நுழையும் அளவுள்ள சிமென்ட் குழாய்கள் சாலையோரம் வருஷக்கணக்காகக் கிடந்தன. வீடில்லாதவர்கள் அவற்றுக்குள் குடியிருந்தார்கள். 2004-ல் புதிய வீராணம் திட்டம் வந்த பிறகுதான் தண்ணீர் சென்னைக்குப் போனது. சேத்தியாத்தோப்பில் நீரேற்றி, வடக்குத்தில் சுத்திகரித்து, 200 கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் செல்கிறது. திட்டமிட்ட அளவு நாளுக்கு 18 கோடி லிட்டர். வாங்கிய குழாயை வைத்தும் செலவழித்த பணத்தை வைத்தும் சதவீதம் சொன்னால் அறிக்கை நன்றாகத்தான் இருக்கும். மறுமுனையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறதா என்று கேட்பவரை ரிவியூ மீட்டிங்கில் முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டும். ஏரிக்கே தண்ணீர் மேட்டூர், கொள்ளிடம், கீழணை, வடவாறு என்று கடந்துதான் வந்து சேர்கிறது என்பதையும் அவர் நினைவூட்டுவார்.

"ரிஸ்க் பற்றிப் பேசுவது அபசகுனம்." 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30-ல் கரை கடந்த தானே புயல், 2015 வெள்ளம் எல்லாவற்றையும் பார்த்த மாவட்டத்தில் இப்படி நினைப்பது எனக்குப் புரியவே இல்லை. வடகிழக்குப் பருவமழை எந்த மாதம் என்று தெரியாதவர் இங்கே யாரும் இல்லை. பிறகும் ஐப்பசியில் அஸ்திவாரம் தோண்டும்படி அட்டவணை போடுகிறோம். மழைக்கு விடும் நாட்கள்தான் பஃபர். அதைச் சோம்பேறித்தனம் என்று வெட்டிவிடக் கூடாது. குழியில் நீர் நின்றால் மோட்டார் கொண்டுவருவது யார், சிமென்ட் மூட்டைகளை எந்தத் திண்ணையில் ஏற்றுவது, கம்பி கட்டுபவர்களுக்கு அந்த வாரம் என்ன வேலை கொடுப்பது என்று ஆள் பெயரோடு புரட்டாசியிலேயே எழுதி வைக்கலாம்.