காலையில் விரல் மடங்க மறுக்கிறதா?

தென்னேரி, வாலாஜாபாத் பக்கம் தறியில் உட்காரும் இளவட்டங்களுக்குக் கைவலி புதிதல்ல. நாள் முழுக்க நெய்து, சாயங்காலம் வலித்து, தூங்கி எழுந்ததும் தணிந்தால் பெரும்பாலும் வேலை அலுப்புதான். முடக்குவாதம் இதற்கு நேர்மாறு, காலையில்தான் மோசம். விரல் மடங்கவே அரைமணி, ஒருமணி பிடிக்கும். இரு கையிலும் அடிமூட்டு, நடுமூட்டு, மணிக்கட்டு வீங்கும். நகத்தையொட்டிய நுனிமூட்டு பொதுவாகத் தப்பிவிடும். இப்படியே வாரக்கணக்கில் நீடித்தால், “இந்த வயசுல வாதமா?” என்று சிரிப்பவர்களை விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள். முதல் சில மாதங்களில் மருந்து தொடங்கினால் மூட்டு கோணாமல் காக்க வாய்ப்பு அதிகம்.

விறைப்பு எத்தனை நிமிடம் நீடித்தது என்று தினமும் குறித்துவையுங்கள். வீங்கியபோதே செல்போனில் படமெடுங்கள். டாக்டரைப் பார்க்கிற அன்றைக்கென்று வீக்கம் வடிந்திருக்கும்!

ரத்தத்தில் ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி., ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. பார்ப்பார்கள். ஆர்.ஏ. ஃபேக்டர் இல்லாமலும் நோய் இருக்கலாம். அது இருந்தும் நோய் இல்லாதிருக்கலாம். ரிசல்ட்டை வைத்து நீங்களே தீர்ப்பெழுத வேண்டாம். சென்னை சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் வாத நோய்களுக்கெனத் தனித்துறையே உண்டு.

சிகிச்சைக்கு மெத்தோட்ரெக்சேட் மாத்திரை தந்தால் வாரம் ஒருநாள்தான். தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து; கிழமையை அட்டையிலேயே எழுதிவிடுங்கள். கர்ப்பத்தில் அது கூடாது என்பதால் கல்யாணம், குழந்தை யோசனையை முதலிலேயே சொல்லுங்கள். லேபிள் இல்லாத வலிப்பொடி பக்கம் போகாதீர்கள். அப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்து பிடிபட்டதுண்டு.