அடுத்த நாட்டுச் சண்டைக்கு நம்ம படை போகலாமா?



போன மாதம் எங்கள் ஒன்பதாம் வகுப்பில் சமூக அறிவியல் பாடவேளையில் ஒரு சின்னப் பட்டிமன்றம் நடந்தது. ஒரு நாட்டுக்குள் சண்டை நடந்தால் வெளிநாட்டு ராணுவம் போகலாமா, கூடாதா என்பதுதான் தலைப்பு. நான் "போகலாம்" அணி. என் அம்மாவைப் பெற்ற தாத்தா ராணுவத்தில் இருந்தவர். 1987இல் இலங்கைக்குப் போன இந்திய அமைதி காக்கும் படையில் அவரும் போனார். அதையே பெருமையாகச் சொல்லி, "கஷ்டப்படுற சனங்களைக் காப்பாத்தத்தான் எங்க தாத்தா போனாரு" என்று முடித்தேன். எல்லாரும் கை தட்டினாங்க. என் பக்கத்தில் உட்காரும் தோழி மட்டும் தட்டவில்லை. குனிந்து நோட்டில் கோடு போட்டுக்கொண்டே இருந்தாள்.

அவள் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இருந்து வருகிறவள். பிறந்தது திருவண்ணாமலையில்தான். சாயந்திரம் வீட்டுக்குப் போகும்போது, "ஏன்டி நீ மட்டும் கை தட்டல?" என்று கேட்டேன். "உங்க தாத்தா வந்தப்ப எங்க அம்மம்மா அங்கதான்டி இருந்தாங்க" என்று மட்டும் சொன்னாள்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதனால் புத்தகத்தில் படித்தும், தாத்தாவிடமும் அவள் அம்மம்மாவிடமும் கேட்டும் இதை எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று அவள் சொன்னதால் போடவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒவ்வொரு நாட்டுக்கும் இறையாண்மை உண்டு. அதாவது அந்த நாட்டு விஷயத்தை அந்த நாடே முடிவு செய்யும். 1945இல் உருவான ஐக்கிய நாடுகள் சபையின் சாசனப்படி ஒரு நாடு இன்னொரு நாட்டின் மேல் ராணுவ பலத்தைப் பயன்படுத்தக் கூடாது. இதற்கு இரண்டு விலக்கு உண்டு.

1. தன்னைத் தாக்கினால் தற்காத்துக்கொள்ளலாம்.
2. ஐ.நா. பாதுகாப்புச் சபை அனுமதி கொடுத்தால் போகலாம்.

இது தவிர, ஒரு நாட்டு அரசாங்கமே "வந்து உதவி செய்யுங்கள்" என்று கூப்பிட்டாலும் போகலாம். 1987இல் இந்தியா இலங்கைக்குப் போனது இப்படித்தான்.

1987இல் என்ன நடந்தது?

இலங்கையில் 1983 ஜூலையில் தமிழர்கள் மேல் பெரிய கலவரம் நடந்தது. பல ஆயிரம் பேர் கடல் தாண்டி தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். அங்கே அரசுப் படைக்கும் தமிழ்ப் போராளி இயக்கங்களுக்கும் நடந்த சண்டை பெரிதானது. 1987இல் யாழ்ப்பாணத்து மக்கள் சாப்பாட்டுக்கே கஷ்டப்பட்டார்கள். இந்தியா படகுகளில் உணவு அனுப்பியது. இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பிவிட்டது. மறுநாள், ஜூன் 4ஆம் தேதி, 5 இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் பறந்து சுமார் 25 டன் பொருட்களைப் போட்டன. அதற்கு வைத்த பெயர் 'பூமாலை'.

ஜூலை 29ஆம் தேதி கொழும்பில் நம் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்டார்கள். மறுநாளே இந்தியப் படை யாழ்ப்பாணத்தில் போய் இறங்கியது. போராளிகளிடம் ஆயுதத்தை வாங்கி வைப்பதும், இரண்டு பக்கமும் சண்டை போடாமல் பார்த்துக்கொள்வதும்தான் வேலை.

"உங்கட ஆமி வரேக்க நாங்கள் மாலை போட்டு வரவேற்றனாங்கள் பிள்ளை. இனிச் சண்டை இல்லையெண்டு நினைச்சம்" என்று தோழியின் அம்மம்மா சொன்னார். தாத்தாவும் இதையேதான் சொன்னார். "வண்டியை நிறுத்தி இளநி வெட்டிக் குடுத்தாங்கம்மா. நம்ம ஊருக்கு லீவுல வந்த மாதிரி இருந்துச்சு."

அது இரண்டு மாதம் கூட நிலைக்கவில்லை. செப்டம்பர் 15இல் விடுதலைப் புலிகள் இயக்கத்தைச் சேர்ந்த திலீபன் சில கோரிக்கைகளை வைத்து நல்லூரில் தண்ணீர் கூடக் குடிக்காமல் உண்ணாவிரதம் இருந்தார். 26ஆம் தேதி இறந்தார். அக்டோபர் 5இல் இலங்கைப் படையிடம் பிடிபட்ட புலிகளில் 12 பேர் சயனைடு சாப்பிட்டு இறந்தார்கள். அக்டோபர் 10இல் இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் நேரடிச் சண்டை ஆரம்பித்தது. நடுவில் நின்று சண்டையை விலக்கப் போன படை, சண்டையில் ஒரு கட்சியாகிவிட்டது.

அந்த வருடம் தீபாவளி அக்டோபர் 21. அன்றும் மறுநாளும் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 60 பேருக்கு மேல் இறந்தார்கள். உள்ளே இருந்து சுட்டதால்தான் திருப்பிச் சுட்டோம் என்று ராணுவத் தரப்பில் சொன்னார்கள். ஆனால் செத்தவர்களில் டாக்டர், நர்ஸ், நோயாளிகள் இருந்தார்கள். அம்மம்மா அந்த நாட்களில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒளிந்திருந்தாராம். "ஷெல் யார் அடிச்சதெண்டு தெரியாது. விழுந்தா எல்லாம் ஒண்டுதான்" என்றார்.

தாத்தா என்ன சொன்னார்?

பௌர்ணமிக்குத் தாத்தாவோடு கிரிவலம் போனேன். 14 கிலோமீட்டர் நடக்கணும் இல்லையா, அப்போதுதான் கேட்டேன். முதலில் பேசவே இல்லை. அடி அண்ணாமலை தாண்டின பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எங்கூட வந்தவங்கள்ல பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. யாரு சனம், யாரு சண்டைக்காரன்னு தெரியாது. அங்க யாரும் யூனிபார்ம் போட்டுக்கிட்டு வர்லம்மா. சந்து பொந்து எல்லாம் அவங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. எனக்குத் தமிழ் தெரியும்னு எல்லா வீட்டுக்கும் என்னையே முன்னாடி அனுப்புவாங்க. கதவைத் தட்டி 'பயப்படாதீங்க'ன்னு தமிழ்ல சொல்லுவேன். என் கையில துப்பாக்கி இருக்கும். எப்படிப் பயப்படாம இருப்பாங்க?"

அப்புறம், "எழுதறதுன்னா எழுது. ஆனா எங்க பசங்க செத்ததையும் எழுது" என்றார். எழுதுகிறேன். சுமார் 1,200 இந்திய வீரர்கள் அங்கே இறந்தார்கள். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25இல் வீரமரணம் அடைந்தார். அவருக்கு பரம் வீர் சக்ரா விருது கொடுத்தார்கள். அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்குக் கொடுத்த வேலைதான் நடுவில் மாறிவிட்டது.

ஏன் தவறிப் போனது?

1. ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்டது இரண்டு அரசாங்கங்கள். துப்பாக்கி வைத்திருந்த புலிகள் கையெழுத்து போடவில்லை. அங்கே வாழ்ந்த மக்களையும் யாரும் கேட்கவில்லை.
2. அமைதி காப்பது ஒரு வேலை. ஆயுதத்தைப் பிடுங்கச் சண்டை போடுவது வேறு வேலை. ஒரே படை இரண்டையும் செய்ய முடியவில்லை.
3. எப்போது திரும்பி வருவது என்று முதலிலேயே முடிவு செய்யவில்லை. கூப்பிட்ட நாட்டின் அடுத்த ஜனாதிபதி பிரேமதாசா 1989 ஜூனில் "போய்விடுங்கள்" என்று சொன்னார். கடைசி வீரர்கள் கிளம்பியது 1990 மார்ச் 24.

அதோடு முடிந்ததா? இல்லை. 1990 ஜூனில் இலங்கைப் படைக்கும் புலிகளுக்கும் மறுபடியும் போர். அப்போதுதான் அம்மம்மா மன்னார் வழியாகப் படகில் ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் பதிவு செய்து, பிறகு எங்கள் மாவட்டத்துக்கு வந்தார். 1991 மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார்.

ஒரு நல்லதும் உண்டு. அந்த ஒப்பந்தத்தால்தான் 1987 நவம்பரில் இலங்கை அரசியல் சட்டத்தில் 13ஆவது திருத்தம் வந்தது. தமிழும் ஆட்சிமொழி ஆனது, மாகாண சபைகள் வந்தன. இது கிடைத்தது பேசியதால், சுட்டதால் இல்லை.

அப்படியானால் போகவே கூடாதா?

இவ்வளவும் எழுதி, "ஆகவே எந்த நாடும் படை அனுப்பக் கூடாது" என்று முடித்துத் தோழியிடம் காட்டினேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் படித்துவிட்டு, "2009ல யாராவது வந்திருக்கலாம்லடி?" என்று கேட்டாள்.

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் சொன்னது. உலகம் முழுக்கத் தெரிந்தும் தடுக்க யாரும் போகவில்லை. அம்மம்மாவின் தம்பி குடும்பம் அங்கேதான் இருந்தது. இன்று வரை தகவல் இல்லை.

உலகத்தில் இன்னும் உதாரணம் இருக்கிறது. 1994இல் ருவாண்டாவில் சுமார் 100 நாளில் 8 லட்சம் பேர் வரை கொல்லப்பட்டார்கள். அங்கே இருந்த ஐ.நா. படையை அதிகமாக்காமல் குறைத்தார்கள். 1971இல் கிழக்குப் பாகிஸ்தானில் இருந்து ஏறக்குறைய 1 கோடி அகதிகள் இந்தியாவுக்கு வந்தார்கள். டிசம்பர் 3இல் பாகிஸ்தான் நம் விமானத் தளங்களைத் தாக்கியதும் இந்தியா போரில் இறங்கியது. 16ஆம் தேதி போர் முடிந்தது, வங்கதேசம் பிறந்தது. அடுத்த மார்ச்சில் நம் படை திரும்பிவிட்டது. அங்கே மக்கள் கேட்டார்கள், நோக்கம் ஒன்றாக இருந்தது, சீக்கிரம் திரும்பினார்கள். ஆனால் 2003இல் அமெரிக்கா, ஈராக்கில் பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று சொல்லிப் போனது. அப்படி ஆயுதம் எதுவும் கிடைக்கவில்லை. சண்டைதான் பல வருடம் நடந்தது.

என் முடிவு

போனாலும் சனங்கள் செத்திருக்கிறார்கள். போகாமல் இருந்தாலும் செத்திருக்கிறார்கள். அதனால் "போகலாம்", "கூடாது" என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. படை கிளம்பும் முன்னால் நான்கு கேள்விக்குப் பதில் வேண்டும்.

1. கூப்பிட்டது யார்? அரசாங்கம் மட்டுமா, அடிபடுகிற மக்களுமா?
2. வேலை என்ன? ஒரே வரியில் சொல்ல முடியுமா?
3. எப்போது திரும்பி வரும்?
4. போன படையே தப்பு செய்தால் யார் கேட்பது?

நான்கில் ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும் ஒரு நாடு தனியாகப் போகக் கூடாது. பல நாடுகள் சேர்ந்து ஐ.நா. வழியாகப் போவதுதான் சரி. ஆனால் படை போகவில்லை என்பதற்காகக் கை கட்டி நிற்கவும் கூடாது. உணவு, மருந்து, போர் நிறுத்தப் பேச்சு, ஓடி வருகிறவர்களுக்கு இடம், இதெல்லாம் உடனே செய்யணும். திருக்குறளில் 'தெரிந்து செயல்வகை' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. இறங்கிய பிறகு யோசிக்கலாம் என்று நினைப்பது தப்பு என்று வள்ளுவர் அப்போதே சொல்லிவிட்டார்.

இன்னொன்று. அந்தப் போர் எங்கேயோ நடந்தது என்று நினைக்காதீர்கள். எங்கள் வகுப்பில் பக்கத்து இடத்தில் உட்கார்ந்திருக்கும் என் தோழிக்கு இன்னும் இந்தியக் குடியுரிமை கிடையாது.

தாத்தா இந்தக் கட்டுரையைப் படித்தார். "அந்தப் பொண்ணோட அம்மம்மா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார். வேறு எதுவும் சொல்லவில்லை.

யோசித்துப் பாருங்கள்

உங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் அடித்துக்கொண்டால் விலக்கப் போவீர்களா? யாரைக் கேட்டுவிட்டுப் போவீர்கள்? உங்களையே அடித்தால் என்ன செய்வீர்கள்? பதிலைத் துண்டுத்தாளில் எழுதி எங்கள் வகுப்புத் தலைவியிடம் கொடுங்கள். நல்ல பதில்களை அடுத்த இதழில் ஒட்டுவோம்.

மேலே தலைப்பை அழகாக எழுதியது என் தோழிதான்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி