மனப்பாரத்துக்கும் ஒரு கொப்பி

வியாபாரிக்கு மன அழுத்தம் புதிய விடயமல்ல. சரக்குத் தேங்கினாலும் வரும், சரக்கு விற்றுக் காசு வராவிட்டாலும் வரும். நான் அவதானித்த வரையில், கடைப் பிரச்சினை, வீட்டுப் பிரச்சினை, யாராலும் மாற்ற முடியாத பிரச்சினை என்ற மூன்றையும் ஒன்றாகக் கலந்து சுமப்பவர்களுக்கே நித்திரை அதிகம் கெடுகிறது. அவற்றைப் பிரிப்பதற்கு நான் கைக்கொள்ளும் முறை எளிது: ஒரு கொப்பி, அதில் மூன்று பக்கங்கள்.

1. கடைப் பக்கம்

கொடுக்க வேண்டியவற்றைத் திகதி வாரியாக எழுதுங்கள். ‘எட்டு இலட்சம் கடன்’ என்று நினைத்தால் அது மலை. ‘12ஆம் திகதி 90,000, 20ஆம் திகதி 140,000’ என்று எழுதினால் அது வேலை.

20ஆம் திகதிச் செக்குக்குக் காசு போதாது என்று தெரிந்தால், ஒரு வாரம் முன்பே பேசிவிடுங்கள். “நானா, அந்தச் செக்கை இப்போதைக்குப் போட வேண்டாம். அன்றைக்கு 60,000 காசாகத் தருகிறேன், மிச்சம் மாத முடிவில்” என்று தொகையும் திகதியும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் செக்கை நம்பி அவரும் இன்னொருவருக்குச் செக் கொடுத்திருப்பார். முன்கூட்டிச் சொன்னால் அவரால் சமாளிக்க முடியும். செக் திரும்பிய பிறகு சொல்லும் எந்தக் காரணமும் எடுபடாது. கணக்கில் காசில்லை என்று தெரிந்துகொண்டே செக் எழுதுவது நமது நாட்டுச் சட்டப்படி குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம்.

2. வீட்டுப் பக்கம்

கடை லாச்சியிலிருந்து கைக்கு வந்ததை எடுத்து வீட்டுச் செலவு செய்தால், கடை நட்டத்தில் ஓடுகிறதா, வீடு அதிகம் செலவழிக்கிறதா என்று ஒருபோதும் விளங்காது. உங்களுக்கென்று மாதச் சம்பளம் ஒன்றைக் குறித்து, அதை மட்டும் எடுங்கள்.

தங்கையின் கலியாணம், தம்பியின் வெளிநாட்டுப் பயணம், வாப்பாவின் மருந்து என்று எல்லோரும் கடைக்காரரின் முகத்தையே பார்ப்பார்கள். ஐந்து இலட்சம் கேட்கும் இடத்தில் இரண்டுதான் முடியுமென்றால், இன்றே இரண்டு என்று சொல்லுங்கள். வருத்தப்பட்டாலும் அவர்களுக்கு வேறு வழி தேட நேரம் கிடைக்கும்.

உறவுக்குள் கொடுத்த கடனையும் எழுதி வையுங்கள். ‘குடும்பத்துக்குள் எழுத்தா’ என்று கூச்சப்படுபவர்கள், கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் சூறா அல்பகராவின் 282ஆம் வசனத்தை நினைவில் கொள்ளட்டும்.

மனைவியிடமும் உண்மைத் தொகையைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால், உங்கள் முகத்தில் தெரியும் கவலையைத் தன் மீதுள்ள கோபம் என்றே அவர் நினைப்பார்.

3. நியாயமில்லாதவற்றின் பக்கம்

2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவளவுக்குப் போனது. ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. கவனமாகக் கணக்குப் பார்த்து வியாபாரம் செய்தவரும் அடிபட்டார். என்னிடம் நெடுநாள் சரக்கெடுத்த ஒருவர் அந்த வருடம் கடையைப் பூட்டிவிட்டு வெளிநாடு போய்விட்டார். எனக்கு வரவேண்டிய காசு வரவில்லை.

இப்படிப்பட்டவற்றை மூன்றாம் பக்கத்தில் ஒரு தடவை எழுதி, ‘இதில் இன்று நான் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?’ என்று கேளுங்கள். உண்டென்றால் திகதி போட்டு முதலாம் பக்கத்துக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் கொப்பியை மூடுங்கள். போன காசு போனதுதான். அதை நினைத்து நினைத்து நாளைய வியாபாரத்தையும் இழக்கத் தேவையில்லை.

உடம்பும் முதல்தான்

கவலை நீடித்தால் பிரஷர் ஏறும், சீனி வருத்தம் உள்ளவர்களுக்குச் சீனியும் ஏறும். கடை வேலை என்று மருந்தைத் தவறவிட வேண்டாம். இரண்டு வாரமாக நித்திரையும் சாப்பாடும் இல்லையென்றால் வைத்தியரிடம் போங்கள். வாழ்க்கையே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் நெருங்கியவரிடம் சொல்லுங்கள்; தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்தை அழையுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்று கடை மூடிய பிறகு பத்து நிமிடம் ஒதுக்கி, முதலாம் பக்கத்தை மட்டுமாவது எழுதிப் பாருங்கள். கடன் குறையாது. ஆனால் நாளைக் காலை யாரிடம் முதலில் பேச வேண்டும் என்பது தெரிந்துவிடும்.