மழை இரவும் கெட்ட கனவும்



இந்த முறை நாம் தூக்கத்தைப் பற்றிப் படிப்போம். "படுத்தா தூக்கம் வருது, ஆனா நடுச்சாமத்துல அலறிக்கிட்டு எழும்புறேன்", "தகரத்துல மழை விழுந்தா நெஞ்சு படபடக்குது" என்று நம்மிடம் சொல்பவர்கள் பலர். சொல்ல வெட்கப்பட்டு மனதுக்குள் வைத்திருப்பவர்கள் அதைவிடக் கூட.

இது ஏன் வருகிறது?

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் நமது ஹல்துமுல்லைப் பிரிவில், கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. நேரத்தோடு பாடசாலைக்குப் போன பிள்ளைகள் சிலர் உயிர் தப்பினார்கள். ஆனால் திரும்பி வந்தபோது அவர்களுக்கு வீடும் இல்லை, பெற்றவர்களும் இல்லை. அதன் பிறகு 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலின்போதும் பதுளை மாவட்டத்தில் பல இடங்களில் மண் சரிந்தது. நேரில் பார்த்தவர்களுக்கு மட்டுமல்ல, சொந்தக்காரரைப் பறிகொடுத்தவர்களுக்கும், அதே மாதிரி மலைக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கும் கனவு வரலாம்.

பெரிய ஆபத்தைக் கண்ட மனம் காவல்காரன் மாதிரி. ஆபத்து போன பிறகும் அது விழித்தே இருக்கும். மழைச் சத்தம், லொறிச் சத்தம், ஈர மண் வாசனை எது வந்தாலும் "ஓடு, ஓடு" என்று எழுப்பிவிடும். இது பைத்தியமும் அல்ல, கோழைத்தனமும் அல்ல. கோயிலில் திருநீறு போட்டு, நூல் கட்டி மனம் தேறினால் நல்லதே. அதோடு கீழே சொல்வதையும் செய்து பாருங்கள்.

முதலில் உண்மையான பயத்துக்கு வழி

நமது மலையில் மழைக்குப் பயப்படுவது வீண் பயம் என்று யாரும் சொல்ல முடியாது. மீரியபெத்தை பற்றி 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. ஆகவே "பயப்படாதே, தூங்கு" என்று மட்டும் சொன்னால் போதாது. பயத்தைப் பகலிலேயே வேலையாக மாற்ற வேண்டும்.

24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் கவனம், 100ஐத் தாண்டினால் புறப்படத் தயார், 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும் என்பது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் பொதுவான அளவு. நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு, மரங்கள் சாய்தல், புதிதாக ஊற்று கிளம்புதல், ஊற்றுத் தண்ணீர் சேறாக வருதல் என்று ஏதும் கண்டால் மழை அளவைப் பார்த்துக் கொண்டிருக்கக் கூடாது. உடனே வெளியேறி, 117க்கு அறிவியுங்கள்.

கடும் மழை நாட்களில் லயத்தில் இரண்டு இரண்டு பேராக முறை வைத்து விழித்திருங்கள். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், மருந்து, டோர்ச் லைட் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். எந்தப் பாதையால் எங்கே போவது என்று எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும். யாரோ விழித்திருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் மற்றவர்கள் கண் மூடலாம்.

அடுத்து கனவுக்கு வழி

ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தால் அதன் முடிவை மாற்றலாம். அமெரிக்க வைத்தியர் பாரி கிராகோவும் அவரது குழுவினரும் இம்முறையை ஆராய்ந்து 2001இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கொடுமைக்கு ஆளாகிக் கெட்ட கனவால் தவித்த பெண்களுக்கு இது பலன் தந்தது.

செய்யும் விதம் இதுதான். மண் மூடுகிறது, கதவு திறக்கவில்லை என்று ஒருவருக்குக் கனவு வருகிறது என வைத்துக்கொள்வோம். பகலில் அமைதியாக உட்கார்ந்து, கதையைத் தனக்குப் பிடித்தபடி மாற்ற வேண்டும். கதவு திறக்கிறது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போகிறேன், அங்கே எல்லோரும் இருக்கிறார்கள், விடிகிறது. எழுதத் தெரிந்தால் எழுதலாம், இல்லையேல் ஒருவரிடம் சொல்லலாம். இந்தப் புதுக் கதையைத் தினமும் 10, 15 நிமிடம் மனதில் ஓட்டிப் பாருங்கள். பழைய கனவைக் கிளற வேண்டாம். மிகக் கொடுமையான கனவில் தொடங்காமல் சிறிய கனவில் தொடங்குங்கள். மனம் மிகவும் கலங்கினால் நிறுத்திவிட்டு வைத்தியரிடம் பேசுங்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

1. அலறுபவரை உலுக்க வேண்டாம். பேர் சொல்லி மெதுவாகக் கூப்பிடுங்கள். "நான் பக்கத்துல இருக்கேன், அது கனவு" என்று சொல்லுங்கள். காலைத் தரையில் ஊன்றி, ஒரு மிடறு தண்ணீர் குடிக்கட்டும்.

2. கொழுந்து பறிக்கும் நமக்குத் தேத்தண்ணி இல்லாமல் முடியாது. ஆனால் பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு சாயத்தண்ணியைக் குறையுங்கள்.

3. தூங்குவதற்காகச் சாராயமோ கசிப்போ குடிக்க வேண்டாம். முதலில் தூக்கம் வரும். போதை இறங்கியதும் விடியற்காலைக் கனவு இன்னும் கூடும். வீட்டுச் சண்டையும் கூடும்.

4. தூக்கம் வராமல் புரண்டுகொண்டே இருக்காமல், எழுந்து சிறிது நேரம் உட்கார்ந்து, கண் சொருகும்போது படுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழும்புங்கள்.

5. ஆபத்தைக் கண்ட பிள்ளை படுக்கையை நனைத்தால் அடிக்கவோ கேலி செய்யவோ கூடாது. கொஞ்ச நாள் பக்கத்தில் படுக்க வையுங்கள்.

எப்போது வைத்தியரிடம் போவது?

ஒரு மாதத்துக்கு மேலும் கனவு நிற்காவிட்டால், வேலைக்குப் போக முடியாவிட்டால், அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய் மனநலப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். அடுத்த வீட்டாரின் தூக்க மாத்திரையை வாங்கிக் குடிக்க வேண்டாம். "செத்தா நல்லது" என்று யாராவது சொன்னால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள், தனியே விட வேண்டாம். 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கு இரவு பகல் எந்த நேரமும் பேசலாம்.

கால் முறிந்தால் மறைக்காமல் வைத்தியரிடம் காட்டுகிறோம். தூக்கம் முறிந்தாலும் அப்படித்தான். இதை வாசித்தவர்கள், வாசிக்கத் தெரியாத பக்கத்துக் காம்பராவுக்கும் சொல்லிக் கொடுங்கள்.