'ஸ்லோ டவுன்' – பொருளும் வழக்கும்

ஆங்கில வினைச்சொற்கள் சில, ஒரு சிறு சொல்லைத் தம்மோடு சேர்த்துக்கொண்டு புதுப்பொருள் தருவன. இவற்றைத் தொடர்வினைகள் எனலாம். 'ஸ்லோ டவுன்' என்பது அவற்றுள் ஒன்று. 'ஸ்லோ' மெதுவைக் குறிக்கும். 'டவுன்' கீழே என்று பொருள்படும். ஆயினும் இரண்டையும் கூட்டி 'மெதுவாகக் கீழே' எனப் பெயர்த்தால் பொருள் சிதையும். வேகம் குறைதல், வேகத்தைக் குறைத்தல் என்பனவே இதன் பொருள்.

ஈண்டு 'டவுன்' திசையைச் சுட்டவில்லை. அளவு தணிதலைச் சுட்டுகிறது. மனம் அமைதியுறுவதைக் 'காம் டவுன்' என்பதும், காற்றும் தீயும் அடங்குவதை 'டை டவுன்' என்பதும் இவ்வகையினவே. 'மேலே' எனப் பொருள்படும் 'அப்' சேர்ந்த 'ஸ்லோ அப்' என்பதும் வேகம் குறைதலையே உணர்த்துவது நோக்கத்தக்கது. இவ்வியல்பு தமிழுக்குப் புதிதன்று. 'நண்பனைக் கைவிட்டான்' என்னும்போது நாம் கையை நினைப்பதில்லை. 'வழக்கை ஆறப்போட்டனர்' என்னும்போது சூட்டை நினைப்பதில்லை.

தமிழில் 'குறைந்தது' தன்வினை, 'குறைத்தது' பிறவினை. ஆங்கிலத்திலோ இரண்டிற்கும் வடிவம் ஒன்றே. 'தி டிரெய்ன் ஸ்லோடு டவுன்' எனின் தொடர்வண்டியின் வேகம் குறைந்தது. 'தி டிரைவர் ஸ்லோடு தி டிரெய்ன் டவுன்' எனின் ஓட்டுநர் அதன் வேகத்தைக் குறைத்தார். செயப்படுபொருள் 'இட்' போன்ற சுட்டுப்பெயராயின் இடையிலேயே வரல் வேண்டும்: 'ஸ்லோ இட் டவுன்'. இரு சொற்களையும் இணைத்து ஒரு சொல்லாக எழுதினால் அது பெயர்ச்சொல்லாகும். பொருளாதாரச் செய்திகளில் அதனை 'மந்தநிலை' என்கிறோம்.

இனி, மொழிபெயர்ப்பைக் காண்போம். விரைந்து பேசுவோரிடம் இத்தொடர் 'நிறுத்திப் பேசுங்கள்' என்றாகும். திருக்குர்ஆனைத் தர்தீலாக ஓதுதல் வேண்டும். எனவே விரைந்து ஓதும் மாணவனிடம் உஸ்தாத் 'நிறுத்தி நிதானமாக ஓது' என்பார். வணிகத்திற்கு 'மந்தமாதல்' பொருந்தும். முதியவருக்குத் 'தளர்தல்' பொருந்தும்.

இதய நோயாளி ஒருவரிடம் மருத்துவர் 'யூ மஸ்ட் ஸ்லோ டவுன்' என்கிறார் எனக் கொள்வோம். உடனிருப்பவர் அதனை 'மெதுவாக நடங்கள்' எனப் பெயர்த்தால், நோயாளி நடையை மட்டும் தளர்த்திக்கொண்டு கடும் உழைப்பைத் தொடர்வார். 'வேலைச் சுமையைக் குறைத்து ஓய்வெடுங்கள்' என்பதன்றோ மருத்துவர் கருத்து! சொல் பெயர்ந்தது, அறிவுரை சென்று சேரவில்லை.

ஆதலின் அகராதி தரும் முதற்பொருளோடு நின்றுவிடாமல், யார், யாரிடம், எதைக் குறித்துக் கூறுகின்றனர் என ஆராய்ந்து, அவ்விடத்திற்குரிய தமிழ் வினையைத் தேர்ந்து வழங்குவோமாக.